வெள்ளியங்கிரி ஏற முடியுமா என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான். 38 வயது, கோவையில் ஐ.டி. வேலை, நாள் முழுக்க நாற்காலி, லேசாக பி.பி. உண்டு, மாத்திரை போடுகிறார். நண்பர்கள் நாலு பேர் மார்ச்சில் வெள்ளியங்கிரி போகிறார்கள், கூப்பிடுகிறார்கள். "ஏழு மலையும் என்னால் ஏற முடியுமா? எத்தனை மணிக்குக் கிளம்பினால் உச்சியில் சூரிய உதயம் பார்க்கலாம்? வியூ எங்கே நன்றாக இருக்கும்?"

ஏறிவிடுவீர்கள். எழுபது வயதுப் பாட்டையாக்கள் வெறுங்காலில் ஏறுகிற மலை அது. ஆனால் நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றும் ஏறுவதைப் பற்றித்தான். எப்படி இறங்குவது என்று கேட்கவே இல்லை. நான் ஒன்பது முறை போயிருக்கிறேன், அதில் ஏறும்போது கஷ்டப்பட்டது இரண்டு முறை, இறங்கும்போது அழாத குறையாக வந்தது அஞ்சு முறை. அதனால் நீங்கள் கேட்காததற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கணக்கு. கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரம், அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில், கோயிலுக்குப் பின்னாலேயே படி ஆரம்பம். உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,780 மீட்டர். அடிவாரத்திலிருந்து பார்த்தால் 1,200 மீட்டர் போல ஏற்றம், நாலாயிரம் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. ஆறு கிலோமீட்டர் என்றதும் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இரண்டு ரவுண்டு சுற்றுவது மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் தப்பு. தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். நானூறு மாடிக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கணக்கில் சொன்னால், மருதமலைப் படிக்கட்டை எட்டு முறை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினது போல.

ஏழு மலை என்கிறார்களே தவிர ஏழும் ஒரே மாதிரி இல்லை. முதல் மலைதான் ஆளைச் சோதிப்பது. கல்லை அடுக்கிப் போட்ட படிகள், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை சாண், அதற்கடுத்தது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மரம் அடர்த்தியாக இருப்பதால் காற்று வராது. கிளம்பின அரைமணியில் சட்டை நனைந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, "இன்னும் ஆறு மலையா" என்று உட்கார்ந்துவிடுகிற இளவட்டங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவர்களுக்கு உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, வேகமாக ஆரம்பித்துவிட்டார்கள், அவ்வளவுதான். வெள்ளைப் பிள்ளையார் கோயில் வந்தால் முதல் மலை முடிந்தது. அப்புறம் பாம்பாட்டிச் சுனை, பாறையிலேயே கால் வைக்கச் செதுக்கியிருக்கிற வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை என்று போகும். மூன்று தாண்டின பிறகு ஏற்றம் கொஞ்சம் இரங்கும், மரம் விலகி வானம் தெரியும், புல்வெளி வரும், காற்று அடிக்க ஆரம்பிக்கும். ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை என்று ஒவ்வொரு பாறைக்கும் மேட்டுக்கும் ஒரு கதை உண்டு, கூட வருகிற பெரியவர் யாராவது சொல்லுவார், மூச்சு வாங்க நிற்பதற்கு அந்தக் கதைகள் நல்ல சாக்கு. மேலே போகப் போக மண் வெளுத்துக் கிடக்கும், அதைத்தான் விபூதியாக எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆறாவது மலையில் ஒரு விஷயம் இருக்கிறது. போகும்போது அது இறக்கம். கீழே ஆண்டிச் சுனைக்கு இறங்கி, அங்கே குளிக்கிறவர்கள் குளித்துவிட்டு, அப்புறம் ஏழாவதைச் செங்குத்தாக ஏற வேண்டும். போகிற வழியில் அந்த இறக்கம் இனிக்கும். திரும்பி வரும்போது, உச்சி பார்த்தாச்சு, இனி இறக்கம்தானே என்று மனசு முடிவு பண்ணி, கால் தளர்ந்துவிட்ட நேரத்தில், அதே ஆறாவது மலை எதிரே ஏற்றமாக நிற்கும். முதல் முறை போனபோது இது எனக்குத் தெரியாது. கூட வந்த மாமா "இது எந்த மலைடா, வரும்போது இல்லையே" என்று நிஜமாகவே கேட்டார்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி, நேரம். பொதுவாக ஏற அஞ்சிலிருந்து ஏழு மணி நேரம், இறங்க நாலிலிருந்து அஞ்சு. உங்கள் உடம்புக்கு ஏழு என்றே கணக்குப் போடுங்கள். மார்ச்சில் ஆறரை மணி போலச் சூரியன் வரும். இரவு பத்து, பத்தரைக்குள் முதல் படியில் கால் வைத்தால் அவசரமில்லாமல் விடியலுக்கு மேலே இருக்கலாம். வெயில் இல்லை என்பதால் இரவில் ஏறுவது உடம்புக்கு லகு, தண்ணீரும் குறைவாகச் செலவாகும். ஆனால் இதில் ஒரு விலை உண்டு. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து, ஆபீஸ் போய், மாலை டிராபிக்கில் பூண்டி வந்து, இரவு முழுக்க ஏறி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இறங்கிக்கொண்டிருக்கிற ஆள் இருபத்தைந்து மணி நேரமாகத் தூங்காத ஆள். வழுக்குகிற இடங்களை அவர் அந்த நிலையில்தான் இறங்குகிறார். அன்றைக்கு லீவு போடுங்கள், மதியம் மூன்று மணி நேரமாவது தூங்கிவிட்டு வாருங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நீங்களாவது கேளுங்கள்.

பிப்ரவரியிலிருந்து மே வரைதான் அனுமதி, மற்ற மாதங்களில் வனத்துறை விடுவதில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்தப் படிகள் பாசி பிடித்து ஓடையாகிவிடும், யானை நடமாட்டமும் உண்டு. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி இரண்டு நாளும் கூட்டம் சொல்லி மாளாது. பக்திக்காகப் போகிறவர்கள் அன்றுதான் போவார்கள், அது வேறு. மலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வாரநாளை எடுங்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்போ பின்போ இருந்தால் நாலாவது மலைக்கு மேல் டார்ச் இல்லாமலே புல்வெளி தெரியும். ஏற விடுகிற நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறலாம், போவதற்கு முன் அடிவாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பி.பி. விஷயம், இங்கே கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 சீசனில் இந்த மலையில் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள், மூச்சுத் திணறல், மாரடைப்பு என்று செய்திகள் வந்தன. மலை யாரையும் தள்ளிவிடவில்லை. மாதக்கணக்கில் மாடிப்படிகூட ஏறாத உடம்பு திடீரென்று ஒரே இரவில் நாலாயிரம் அடி ஏறினால், ஏற்கெனவே ரத்தக் குழாயில் இருக்கிற அடைப்பு அன்றைக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதனால் போவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் டாக்டரைப் பாருங்கள், "மலை ஏறப் போகிறேன்" என்று மொட்டையாகச் சொல்லாமல் "ஏழு மணி நேரம் தொடர்ந்து படி ஏறப் போகிறேன்" என்று சொல்லுங்கள், அவர் கேட்கிற டெஸ்டை எடுத்துவிடுங்கள். மாத்திரையையும் காட்டுங்கள். சில பி.பி. மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிப்பவை, வியர்வையும் சேர்ந்தால் உடம்பு வறண்டுவிடும். சில மாத்திரைகள் இதயத் துடிப்பை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாது, நண்பர்கள் வேகத்துக்கு உங்களால் போக முடியாமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அன்றைக்கு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மலையில் நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, இதில் எது வந்தாலும் கேஸ் என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டு ஏறாதீர்கள். அங்கேயே உட்காருங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். வண்டி வராத மலை அது, டோலியில் ஆட்கள் தோள்கொடுத்துத்தான் இறக்க வேண்டும். மூன்றாவது மலையிலிருந்து இறக்குவதற்கும் ஏழாவதிலிருந்து இறக்குவதற்கும் மணிக்கணக்கில் வித்தியாசம். அதனால்தான் மூன்று முடிகிற இடத்தில் ஒரு முடிவு எடுக்கும் நேரம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பத்து நிமிஷம் உட்கார்ந்தும் மூச்சு சமநிலைக்கு வரவில்லையா, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா, திரும்பிவிடுங்கள். நண்பர்கள் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும், மலை அடுத்த பிப்ரவரியும் அங்கேதான் இருக்கும். என்னுடைய நாலாவது பயணம் அப்படித்தான் மூன்றாவது மலையோடு முடிந்தது, காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகாமல் கிளம்பிவிட்டேன், என் முட்டாள்தனம்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நின்று நின்று ஓடுவதைவிட நிற்காமல் ஊர்வது மேல். முதல் மலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகட்டுமே.

பயிற்சிக்கு ஆறு வாரம் இருக்கிறது என்றால் போதும். வாரத்துக்கு மூன்று நாள் ஆபீஸ் மாடிப்படி, ஞாயிற்றுக்கிழமை மருதமலை. அங்கே எண்ணூறு சொச்சம் படி. முதல் வாரம் ஒரு முறை ஏறி இறங்குங்கள், கடைசி வாரத்தில் மூன்று நாலு முறை, முதுகில் நாலு கிலோ பையோடு. மேலே போனதும் பஸ்ஸில் இறங்கி வந்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த இரண்டாவது வேலைதான் அதிக அடி, மறுநாளும் அதற்கு மறுநாளும் உட்கார்ந்தால் எழ முடியாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான். சைக்கிளோ டிரெட்மில்லோ இந்தப் பழக்கத்தைத் தராது. படி இறங்கிப் பழகினால்தான் படி இறங்க வரும்.

இறங்கும்போது என்ன நடக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன். காலை ஒன்பதரை மணி, ஆறாவது மலை திரும்ப ஏறியாச்சு, புல்வெளியில் ஜாலியாக நடந்து மூன்றாவது மலைக்கு வந்திருப்பீர்கள். வெயில் ஏறத் தொடங்கும். இரண்டாவது மலைப் படியில் ஏதோ ஒரு இடத்தில் முழங்கால் நடுங்க ஆரம்பிக்கும், வலி இருக்காது, நின்றால் தொடை தானாக ஆடும், பார்த்தால் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு முதல் மலையில் நின்றுவிடும். இரவில் ஏறும்போது தெரியாத படிகளின் உயரம் அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு படிக்கும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, எடையை அதில் கொடுத்து, அப்புறம் கால். வேகமாகக் குதித்துக் குதித்து இறங்குகிற பையன்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள், அரைமணி கழித்து அதே பையன்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பதையும் நீங்களே பார்ப்பீர்கள். கடைசி முந்நூறு படிகளில் அடிவாரக் கோயில் மைக் சத்தம் கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் வந்து சேராது.

அதனால் தடி. அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள். விலை பேரம் பேசுங்கள், ஆனால் வாங்காமல் போகாதீர்கள். கணுக்கள் நெருக்கமாக, நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறதாக எடுங்கள், ஒரு முறை தரையில் ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். நல்ல தடியும்கூட இறங்கி வருவதற்குள் கல்லில் குத்திக் குத்தி முனை துடைப்பம் மாதிரி பிரிந்துவிடும். இரவில் ஏறும்போது முன்னாலும் பின்னாலும் நூற்றுக்கணக்கான தடிகள் கல்லில் விழுகிற டக் டக் சத்தம், நடுநடுவே யாரோ ஒருவர் நமச்சிவாய என்று இழுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வது, இது இரண்டும்தான் அந்த மலையின் சத்தம். போன்ல பாட்டு போட்டுக்கொண்டு ஏறுகிற கூட்டம் ஒன்றும் இப்போது கிளம்பியிருக்கிறது, அதைப் பற்றி எழுதினால் பதில் திசை மாறிவிடும்.

செருப்பு, ஷூ: வேண்டுதல் இருந்து வெறுங்காலில் போகிறவர்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றபடி அடி நன்றாகப் பிடிக்கிற, ஏற்கெனவே போட்டுப் பழகின ஷூ. புது ஷூ வேண்டவே வேண்டாம். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள், இறங்க ஆரம்பிக்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படிக்கும் விரல் ஷூவின் முன்பக்கத்தில் போய் முட்டும். இதைச் செய்யாமல் போய் எனக்கு வலது கட்டைவிரல் நகம் கறுத்து, மூன்று மாதம் கழித்துக் கழன்று விழுந்தது.

பையில் அதிகம் வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மூன்று, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. வீட்டில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், விடியற்காலை உச்சியில் சில்லிட்ட புளிச்சோறு மாதிரி ருசி வேறு எங்கேயும் கிடையாது. சீசனில் வழியில் சுக்குக் காபி, சோடாக் கடைகள் இருக்கும், மேலே போகப் போக விலையும் ஏறும், சுமந்து வருகிறவனுக்கு அது நியாயம்தான். தலையில் மாட்டுகிற டார்ச் வாங்குங்கள், தடியும் பிடித்துப் பாறையும் பிடிக்கிற இடத்தில் போன் லைட்டை எந்தக் கையில் பிடிப்பீர்கள்? அப்புறம் பிளாஸ்டிக்கில் எதையும் கட்டாதீர்கள், அடிவாரத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், தின்பண்டத்துக்குத் துணிப்பையோ டப்பாவோ.

ஒரு மாற்றுச் சட்டை, ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட், இந்த இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிட்டு வருகிறார்கள். மார்ச்சில் கோவையில் வேர்த்துக் கொட்டும்போது ஜாக்கெட் எதற்கு என்று தோன்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். அடிவாரத்தில் 23 டிகிரி என்றால் உச்சியில் பதினைந்து பதினாறு. அதோடு ஏறி ஏறி நனைந்த பனியன், அதன்மேல் புல்வெளியில் தடையே இல்லாமல் அடிக்கிற காற்று. அஞ்சாவது மலையில் பல் கிட்டிக்கொண்டு, ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை அதிகாலை மூன்று மணிக்குப் பார்க்கலாம். பாறைக்குப் பின்னால் ஒதுங்கி ஈரச் சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டால் பாதிக் குளிர் போய்விடும்.

நெருப்பு விஷயம் ஒன்று. பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் புல் காய்ந்த வைக்கோல். குளிருக்காகச் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டுவது, பீடியை அணைக்காமல் போடுவது, கண்ட இடத்தில் சூடம் கொளுத்துவது எதுவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தது நினைவிருக்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும், மனிதன் மேல்நோக்கி ஓடி அதை ஜெயிக்க முடியாது.

கடைசியாக வியூ. இதில் என் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகாது. எல்லோரும் உச்சி உச்சி என்பார்கள். உச்சியில் பெரிய பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து இயற்கையாக அமைந்த குகைக்குள் சுயம்பு லிங்கம். தென்கயிலாயம் என்று கும்பிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மொத்தப் பயணமும். ஆனால் கூட்டம் இருக்கிற நாளில் அங்கே வரிசை, நிற்க இடமில்லை, உதயத்தை நூறு போன்களுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும். தரிசனம் முடிந்ததும் கொஞ்சம் விலகி ஒரு பாறையில் உட்கார்ந்தால், கிழக்கே கோவைச் சமவெளி மூடுபனிக்குள், மேற்கே கேரளப் பக்கம் மடிப்பு மடிப்பாகக் காடு, நடுவே சிறுவாணி நீர்த்தேக்கம். நீங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வருகிற, ஊரே பெருமை பேசுகிற சிறுவாணித் தண்ணீர் அங்கே நிற்கிறது. அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நமக்கு வருகிறது. நொய்யல் பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டு இடம். ஒன்று, இரவில் மரம் விலகுகிற திருப்பங்களில் திரும்பிப் பார்த்தால் கோவை மொத்தமும் விளக்காகக் கிடப்பது. ஏறும்போது எல்லோருக்கும் முன்னால் போகிறவரின் குதிகால்தான் தெரியும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொன்று, திரும்பும் வழியில், காலை ஏழு, ஏழரை மணிக்கு, ஆறாவதை ஏறி முடித்து அஞ்சாவதின் புல்வெளியில் கால் வைக்கிற இடம். இரவு அதே வழியில் போயிருப்பீர்கள், ஒன்றுமே தெரிந்திருக்காது. இப்போது சாய்ந்த வெயிலில் புல் முழுக்கப் பொன்னிறம், ஓரங்களில் சோலைக்காடு கருப்பாக ஒதுங்கி நிற்கும், காற்று புல்லைத் தடவிக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது கண்ணுக்குத் தெரியும். எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதைக் கடந்து போய்க்கொண்டிருப்பார்கள். அங்கே முக்கால் மணி நேரம் உட்காருங்கள். ஷூவைக் கழற்றிக் காலை நீட்டுங்கள், மிச்சமிருக்கிற தின்பண்டத்தைத் தின்றுமுடியுங்கள், ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடியுங்கள். வியூவும் ஆச்சு, கீழே காத்திருக்கிற அந்த மூன்று மலைப் படிக்குத் தொடைக்கு ஓய்வும் ஆச்சு.

அடிவாரம் வந்ததும் கடையில் உட்கார்ந்து டீ சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிடாதீர்கள், கால் அப்படியே இறுகிவிடும். ஊருக்கு வண்டி ஓட்டுவது தூக்கமில்லாத அஞ்சு பேரில் யாரும் வேண்டாம், காந்திபுரம் பஸ்ஸில் ஏறிவிடுங்கள், இல்லையென்றால் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். தடியை அங்கேயே போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு, பூஜை அறையில் வைப்பதற்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. நீங்கள் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை ஆபீஸில் லிப்ட் நின்றுவிட்டால் படி இறங்க அது வேண்டியிருக்கும்.